எண்ணெய் விட்டால் ஸ்பிரிங் பிழைக்காது

"ஷட்டர் கொஞ்சம் டைட்டா இருக்கு, எண்ணெய் விடுடா!"

தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைவீதியில் காலை ஒன்பது மணிக்கு நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். சொல்பவர் முதலாளி. சாவிக்கொத்தைச் சுழற்றியபடி வண்டிமேல் உட்கார்ந்திருப்பார். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவது கடைப்பையன். ஆறு மாதம் முன்பு ஒரு கையால் ஏறிய ஷட்டர் இன்று இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் மேலே ஸ்பிரிங் போய்விட்டது, அல்லது போய்க்கொண்டிருக்கிறது. முதலாளிக்கு இது தெரியாமல் இல்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்பதுதான் நம் வியாபார சாஸ்திரம்.

அந்த ஸ்பிரிங் அப்படி என்னதான் செய்கிறது? வாசலுக்கு மேலே தகர மூடிக்குள் ஒரு இரும்புக் குழாய் படுத்திருக்கிறது. இரு பக்கமும் பிராக்கெட்டில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருப்பார்கள், குழாய் அசையாது. அதன்மேல் சுற்றும் கப்பிகளில்தான் ஷட்டர் தொங்குகிறது. ஸ்பிரிங்கின் ஒரு முனை குழாயில், மறுமுனை கப்பியில். ஷட்டரை இறக்க இறக்க ஸ்பிரிங் முறுக்கேறும். தூக்கும்போது அந்த முறுக்குதான் அவிழ்ந்து பாரத்தைத் தாங்குகிறது. கை கொடுப்பது சும்மா ஒரு உந்துதல்தான்.

பாரம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ஷட்டர் பட்டைக்கு 1.25 மி.மீ. கனத் தகடு, 27.5 செ.மீ. நீளக் கம்பி ஸ்பிரிங் என்றெல்லாம் இருக்கிறது. அந்தக் கனத்தில் இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 10 கிலோ. பத்தடி அகலம், எட்டடி உயரம் என்றால் சுமார் 7.4 சதுர மீட்டர், வெறும் தகடே 73 கிலோ. பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கிபோல் மடிந்திருப்பதையும் அடிப்பட்டையையும் சேர்த்தால் எண்பதைத் தாண்டும். ஒரு ஆள் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்தது. அது வளர்ந்த ஆணுக்கு! மளிகைக்கடைப் பையனுக்கு இல்லை.

எல்லாக் கனமும் ஸ்பிரிங்கால் வருவதில்லை என்பதும் நியாயம்தான். ஏறும் வழியில் ஒரே இடத்தில் மட்டும் சிக்கினால் பக்கவாட்டுச் சானலில் நெளிவோ மண்ணோ இருக்கும். தரையை விட்டுக் கிளப்பும்போதே கனத்தால் ஸ்பிரிங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் முழுப் பாரமும் தொங்குவது அப்போதுதான். இன்னொரு எளிய சோதனை. ஷட்டரைப் பாதி உயரத்தில் நிறுத்தி, விலகி நின்று, மெதுவாகக் கையை எடுங்கள். அங்கேயே நின்றால் சரி. இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக மேலே பாய்ந்தால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கோணலாக ஏறினாலோ, உள்ளே "டமார்" என்று சத்தம் கேட்டு அன்றிலிருந்து கனத்தாலோ, இருக்கிற ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன. அடுத்தது உடைய ரொம்ப நாளாகாது.

இத்தனை அறிகுறிக்கும் கடைவீதி வைத்திருக்கும் ஒரே வைத்தியம் எண்ணெய். அதுவும் மெக்கானிக் கடையில் வாங்கிய பழைய வேஸ்ட் ஆயில். சானலில் ஊற்றினால் இரண்டு நாள் வழுக்கும். அப்புறம் தெருப்புழுதி முழுக்க அதில் ஒட்டிக் களிம்பாகி இன்னும் சிக்கும். இரண்டாவது வைத்தியம் "ரெண்டு சுத்து ஏத்தி விடு". ஓய்ந்துபோன கம்பியை மேலும் முறுக்குவது அதன் சாவைச் சீக்கிரம் வரவழைப்பதுதான். மூன்றாவது, உடைந்ததை வெல்டிங் வைப்பது. சூட்டில் ஸ்பிரிங்கின் பதமே போய்விடும் என்பது பாலிடெக்னிக் முதலாண்டு மாணவனுக்கே தெரியும் :-)

"இருபது வருஷமா ஓடுதே?" என்பார்கள். ஸ்பிரிங்குக்கு வருஷக் கணக்கு இல்லை, தடவைக் கணக்குதான். ஒவ்வொரு முறுக்கலிலும் கம்பி கொஞ்சம் களைக்கிறது. அமெரிக்க வீடுகளில் கார் நிறுத்தும் கொட்டகைக் கதவின் சாதாரண ஸ்பிரிங்கை 10,000 தடவை ஏறி இறங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். மதியம் பூட்டி மாலை திறக்கும் நம் கடைக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை, வருஷத்துக்கு எழுநூறு சொச்சம். அந்தக் கணக்கை அப்படியே எடுத்தாலும் பதினாலு வருஷத்தில் தீர்ந்தது. கடலோர ஊரில் துரு அதற்கும் முந்திக்கொள்ளும்.

அந்த நாட்டில் 1993 முதல் தயாராகும் வீட்டு மோட்டார் கதவுகள், இறங்கும்போது குறுக்கே ஆள் இருந்தால் திரும்பி மேலே போக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நமக்கும் உருட்டு ஷட்டருக்கு ஐ.எஸ். 6248 என்ற தரநிலை இருக்கிறது. ஆனால் தரநிலை புத்தகத்தில் இருந்தால் போதுமா? பத்து வருஷம் கழித்து அந்தக் கடைக்குப் போய்க் குழாயை எட்டிப் பார்ப்பது யார்? தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் திருத்திக் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்றார்கள். நல்ல காரியம். அந்த இருக்கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே காலையில் முதுகு பிடித்துவிட்டால்?

ஸ்பிரிங் மாற்றக் கேட்கும் கூலியைச் செலவு என்று எழுதும் கணக்குப் புத்தகத்தில், பையனின் இடுப்புவலிக்கும் நசுங்கிய விரலுக்கும் பத்தி கிடையாது. வலி வந்தால் அவன் லீவு போடுவான், சம்பளம் பிடிப்பார்கள். அதனால்தான் ஷட்டர் "ஓடிக்கொண்டே" இருக்கிறது. தினமும் முதலாளியே குனிந்து தூக்க வேண்டியிருந்தால் ஒரே வாரத்தில் ஆள் வந்திருப்பார்.

மிச்சம் பிடிக்கிறேன் என்று பையனை ஏணியில் ஏற்றி "அந்த போல்ட்டைக் கழட்டு" என்பது இன்னும் மோசம். முறுக்கேறிய நிலையில் கிளாம்பைத் தளர்த்தினால் அதுவரை அசையாத குழாய் சடாரென்று சுழலும். ரெஞ்ச் பிடித்த கை அதோடு போகும். முறுக்கைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டு வேலை செய்வது பழகிய ஆளுக்கே இரண்டு பேர் வேலை. அவரை வரவழைக்கும்போது உடைந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லாமல் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்ல வேண்டும். கூடவே பிறந்தவையும் அதே அளவு களைத்துத்தான் இருக்கும்.

அவர் நம்பரைத் தேடி எங்கும் அலைய வேண்டாம். "ஷட்டர் சர்வீஸ்" என்று போட்டு பெரும்பாலான கடைகளில் ஷட்டர் மேலேயே அச்சடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஷட்டர் இறங்கியிருக்கும்போதுதான் அது தெரியும். குனிந்து தூக்குகிற பையனுக்குத் தினமும் கண்ணுக்கு நேரே தெரிகிறது.