ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?

நம்ம ஊர்ல கிரிக்கெட் ஆடணும்னா கஷ்டமே இல்லைங்க. பெரம்பலூர்ல எந்தத் தெருவுல திரும்பினாலும் ஒரு மட்டையும் நாலு பசங்களும் கண்ணுல படுவாங்க. வாலிபால்னா இன்னும் சுலபம். குன்னம், செந்துறைப் பக்கம் சாயங்காலமா வண்டியில போனீங்கன்னா ரெண்டு கம்பு நட்டு வலை கட்டி ஒரு கூட்டம் ஆடிக்கிட்டிருக்கும். இறங்கி நின்னா போதும், உள்ள இழுத்துப் போட்டுக்குவாங்க. ஆனா கூடைப்பந்து ஆடலாம்னு கிளம்பினீங்கன்னா... அது சித்திரை மாசத்துல மயிலூத்து அருவிக்குத் தண்ணி தேடிப் போற கதைதான்.

நான் ஒரு பொட்டி தட்டுற ஆசாமி. காலேஜ்ல டிபார்ட்மெண்ட் கூடைப்பந்து டீம்ல ஆறாவது ஆள். (ஆடுறது அஞ்சு பேர்தான், புரிஞ்சுக்கோங்க ஹி ஹி.) படிப்பு முடிச்சு சென்னைக்குப் போய் ஆணி புடுங்கிக்கிட்டு இருந்தவன், 2020 மார்ச்சுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்தேன். அதுக்கப்புறம் மாசம் ஒரு வாரம் சென்னை, மிச்சம் மூணு வாரம் பெரம்பலூர்னு ஓடுது. வீட்டுச் சாப்பாடு, நாள் பூரா நாற்காலி. ஒரு நாள் ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சா மூச்சு வாங்குது! அப்பதான் ஆட்டத்துக்கு ஆள் தேட ஆரம்பிச்சேன்.

போன்ல தேடிப் பார்த்தேன், ஒண்ணும் உருப்படியா கிடைக்கல. அப்பறம் நம்ம தொழில் புத்தி வேலை செஞ்சது. மேப்பைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாத்திட்டு, பெரம்பலூர்ல ஆரம்பிச்சு அரியலூர் வரைக்கும் விரலால மெதுவா நகத்திக்கிட்டே போனேன். கூடைப்பந்து களத்தை மேல இருந்து பார்த்தா ஈசியா கண்டுபிடிச்சிடலாம். சிமெண்ட் செவ்வகம், ரெண்டு பக்கமும் அரை வட்டம். நான் நினைச்சதை விட ஜாஸ்தியா இருந்துச்சுங்க! ஆனா ஒரு விஷயம் உறைச்சது. அதுல முக்கால்வாசி ஏதோ ஒரு காம்பவுண்டு சுவருக்குள்ள. பள்ளிக்கூடம், காலேஜு, ஆலைக் குடியிருப்பு.

ஏன் இப்படின்னு யோசிச்சா கதை ரொம்ப பின்னாடி போகுது. 1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்பிரிங்ஃபீல்டுன்னு ஒரு ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி வாத்தியார் ஜேம்ஸ் நேஸ்மித், குளிர்காலத்துல பசங்க உள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேணும்னு பீச் பழக்கூடையைப் பத்தடி உயரத்துல மாட்டி ஆரம்பிச்சது இது. நம்ம பக்கமும் ஒய்.எம்.சி.ஏ. வழியாத்தான் வேர் விட்டுச்சு. சென்னையில ஹாரி பக் 1920ல ஆரம்பிச்ச உடற்கல்விக் கல்லூரி மாதிரி இடத்துல படிச்ச பி.டி. மாஸ்டருங்க பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா கொண்டு போனாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, வாலிபாலும் அதே ஒய்.எம்.சி.ஏ. சரக்குதான். நாலு வருஷம் கழிச்சு, 1895ல வந்தது. அது மட்டும் எப்படி கேட்டைத் தாண்டி களத்துமேடு வரைக்கும் போச்சு? காரணம் சிம்பிள். வாலிபால் பந்து தரையைத் தொடவே கூடாது, அதனால மண்ணு போதும். கூடைப்பந்துக்கு பந்து தரையில தட்டி எம்பணும். மண்ணுல எம்பாது. சிமெண்ட் தளம் வேணும், அசையாத கம்பம் வேணும். அதைப் போடக் காசு உள்ளவன் சுவரும் கட்டுவான், கேட்டும் போடுவான். அதனாலதான் நம்ம ஊர்ல பிளஸ் டூ முடிஞ்சா பல பேருக்கு கூடைப்பந்தும் முடிஞ்சுது. இத்தனைக்கும் அரியலூர்ல சிமெண்டுக்கா பஞ்சம்? தேசத்துக்கே மூட்டை கட்டி அனுப்புறோம், ஊருக்குப் பொதுவா ஒரு தளம் போட மட்டும் யாருக்கும் தோணல :-(

சரி, மேட்டருக்கு வருவோம். நான் எப்படி ஆட்டம் பிடிச்சேன்? நேர்ல போய் நின்னேன், அவ்ளோதான். முதல்ல போன பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன் அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே, ஏதோ கேட்டைக் கழட்ட வந்தவன் மாதிரி. ரெண்டாவது இடத்துலயும் அதேதான். மூணாவது இடத்துல ஒரு பி.டி. சார் கிடைச்சார். "ஞாயித்துக்கிழமை காலையில ஆறுல இருந்து எட்டு. நோட்டுல பேர், போன் நம்பர் எழுதணும். சாவி ஒருத்தர் பொறுப்பு. ஒரு பாட்டில், ஒரு பீடித்துண்டு கிடந்தாலும் அடுத்த வாரம் கேட்டு திறக்காது" அப்படின்னார். நியாயம்தானே?

நீங்களும் தேடுறீங்கன்னா என் அனுபவத்துல சொல்றேன். முதல்ல மாவட்ட விளையாட்டரங்கத்துல போய் விசாரிங்க. பழைய பி.டி. மாஸ்டர் யாராவது இருந்தா அவரைப் பிடிங்க, யார் எங்க ஆடுறாங்கன்னு அவருக்குத் தெரியாம இருக்காது. சொந்தமா ஒரு பந்து கொண்டு போங்க. பந்தோட வர்றவனை யாரும் விரட்ட மாட்டாங்க. போன உடனே உள்ள பூராம, ஓரமா நின்னு ஒரு ஆட்டம் பாருங்க. முடிஞ்சதும் "ஒரு ஆள் குறையுதா தம்பி?"னு கேளுங்க. ஃபவுல் பண்ணினா நீங்களே கையைத் தூக்கி ஒத்துக்கங்க. நடுவர் இல்லாத ஆட்டம் இந்த ஒரு நாணயத்துலதான் ஓடுது.

பத்து பேர் தேறலைன்னா கவலையே வேண்டாம். பாதிக் களத்துல ஒரே கூடையில மூணுக்கு மூணு ஆடலாம். தெருப் பசங்க ஆட்டம்னு நினைச்சுக்கிட்டிருந்தது, டோக்கியோ ஒலிம்பிக்ல (2021ல நடந்துச்சே, அதுதான்) முறைப்படி பதக்கப் போட்டியாவே வந்துடுச்சு. 10 நிமிஷம், இல்ல முதல்ல 21 எடுக்குறவங்க ஜெயிப்பு. ஆறு பேர் போதும்!

எங்களுக்கு ஒன்பது பேர் சேர்ந்தாங்க. அரியலூர்ல இருந்து மூணு பேர், சுண்ணாம்புக்கல் லாரிக்கு நடுவுல முப்பது கிலோமீட்டர் பைக்ல வருவாங்க. முதல் வாரம் பெரம்பலூர் அரியலூர்னு டீம் பிரிச்சு, அப்பறம் கலந்து, மறுபடி பிரிச்சு... நம்ம மாவட்டமும் அப்படித்தானே, 2001ல பிரிஞ்சு, 2002ல சேர்ந்து, 2007ல திரும்பப் பிரிஞ்சது :-)

இதுவரைக்கும் கேட்டைத் திட்டினேன். இப்ப என்னைத் திட்டிக்கணும்.

நாங்க ஆட ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம், ஒரு பொண்ணு தம்பியோட வந்துச்சு. காலேஜ் படிக்கிற வயசு. களத்தோட அந்தப் பக்கக் கூடையில தானா ஷூட் பண்ணிக்கிட்டிருக்கும். நாங்க ஆட்டத்தோட அந்தப் பக்கம் போனா ஒதுங்கி நிக்கும். நாங்க ஒன்பது பேர், நாலுக்கு நாலு ஆடி ஒருத்தர் உக்காந்திருப்போம். அதாவது எங்களுக்கு ஒரு ஆள் குறையுது! கண்ணெதிர்ல ஒரு ஆள் நிக்குது. மூணு ஞாயித்துக்கிழமை. ஒருத்தனும் கூப்பிடல. "அதுக்கு சங்கடமா இருக்கும்டா"ன்னு ஒருத்தன் சொன்னான். சங்கடம் எங்களுக்குத்தான்னு இப்ப தோணுது. நாலாவது வாரம் அந்தப் பொண்ணு வரல.

அப்பறம் பி.டி. சார் சொன்னார், அது ஸ்கூல்ல மாவட்ட அணிக்கு ஆடின பொண்ணாம். எங்க ஒன்பது பேர்ல ஒருத்தன்கூட மாவட்ட அணி வாசலை மிதிச்சதில்லை. நான் ஆறாவது ஆள், ஞாபகம் இருக்கில்ல?

நம்ம சென்னை அனிதா பால்துரை இந்திய அணிக்கே கேப்டனா இருந்தவங்க, 2021ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. பேப்பர்ல பார்த்து நாம எல்லாரும் பெருமைப்பட்டோம். ஆனா பத்தடி தள்ளி நிக்கிற பொண்ணைப் பார்த்து "வாம்மா"ன்னு சொல்ல வாய் வரல. நேஸ்மித்தோட முதல் ஆட்டத்துல பக்கத்துக்கு ஒன்பது பேராம். ஏன்னா அவர் வகுப்புல 18 பேர் இருந்தாங்க, யாரையும் உக்கார வைக்கல. அஞ்சு பேர் கணக்கெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

அதனால என் கருத்து இதுதாங்க. பள்ளிக்கூடங்களே, வாரத்துல ரெண்டு மணி நேரம் கேட்டைத் திறந்து விடுங்க. உங்க பயம் புரியுது. பாட்டில் உடையும், பொம்பளைப் பிள்ளைங்க படிக்கிற இடம், ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? எல்லாம் நிஜம்தான். ஆனா ஒரு நோட்டும், சாவிக்குப் பொறுப்பா ஒரு ஆளும் இருந்தா சமாளிக்கலாம்னு எங்க சார் காட்டிட்டாரே. சின்ன ஊர்ல இதெல்லாம் நிக்காதுன்னு சொல்லாதீங்க. தேனிப் பக்கம் பெரியகுளத்துல ஒரு விளையாட்டுக் கழகம் அறுபது தடவைக்கு மேல அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி நடத்தியிருக்கு. ராணுவம், ரயில்வே அணியெல்லாம் அங்க வந்து ஆடுது. பெரியகுளம் என்ன மெட்ரோ சிட்டியா?

அடுத்தது, ஆடுற நமக்கு. இரும்பு கேட்டு ஒண்ணு இருக்கு, அதைத் திறக்க வாட்ச்மேன் வேணும். களத்துக்குள்ள இன்னொரு கேட்டு இருக்கு, அதுக்கு சாவி நம்ம கையிலதான். ஓரமா நிக்கிறவங்களைக் கூப்பிடறதுக்கு எந்த பி.டி. சார் அனுமதியும் வேண்டாம்.

அந்தப் பொண்ணுக்கு பி.டி. சார் மூலமா சொல்லி விட்டிருக்கோம். வருமா தெரியல. வராம இருக்க அதுக்கு எல்லா நியாயமும் இருக்கு. வந்தா ஓடிப் போய் முதல் ஆளா கேக்கப்போறது நான்தான். ஒரு ஆள் நிஜமாவே குறையுது.

பி.கு: பந்து வாங்குறவங்களுக்கு ஒரு தகவல். ஆண்கள் ஆடுறது 7ஆம் நம்பர் பந்து, பெண்கள் ஆடுறது 6ஆம் நம்பர், கொஞ்சம் சின்னது. சாதா ரப்பர் பந்து ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். எங்க பையில இப்ப ரெண்டும் இருக்கு.