மருத்துவப் பக்கம்: நூற்றுக்கு எத்தனை?

"பிள்ளை பிழைப்பானா டாக்டர்?" என்று கேட்கும் தாயிடம் "நூற்றுக்கு எழுபது" என்றால், அது ஆறுதலா, அச்சமா என்று அவளுக்கு விளங்குவதில்லை. ஏப்பிளாஸ்டிக் அனீமியா என்னும் நோயை வைத்து இதைப் பார்ப்போம். அரிய நோய்தான், ஆயினும் மேல்நாடுகளைவிட ஆசியாவில் அதிகம்.

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. இந்நோயில் அந்த உற்பத்தி குன்றிவிடுகிறது. சோர்வு, அடிக்கடி காய்ச்சல், ஈறில் இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள் ஆகியவை அறிகுறிகள். இது புற்றுநோய் அன்று, தொற்றவும் தொற்றாது. இரும்புச்சத்து டானிக்கால் தீராது.

நியூட்ரோஃபில் அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500-க்குக் கீழே போவது கடுமையின் அடையாளம். 200-க்குக் கீழே என்றால் மிகக் கடுமை.

சிகிச்சை முக்கியமாக இரண்டு. உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் அதை மாற்றிச் செலுத்தலாம். ஒவ்வொரு உடன்பிறப்பும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நல்ல மையங்களில் இளவயதினரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நீண்டகாலம் வாழ்கின்றனர். பொருந்துபவர் இல்லையென்றால் ஏ.டி.ஜி. ஊசியும் சைக்ளோஸ்போரின் மருந்தும் தருவார்கள். பத்தில் ஆறேழு பேருக்குப் பலன் கிடைக்கும். ஆனால் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாம் மாதமே மனம் தளர்ந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். குணமான பிறகும் சிலருக்கு நோய் திரும்புவதால் இரத்தப் பரிசோதனை தொடர வேண்டும்.

ஆகவே எண்ணைக் கேட்டதும், "இது எந்த வயதினருக்கு? எந்தச் சிகிச்சைக்கு? எத்தனை ஆண்டுக்கு?" என்று கேளுங்கள். அந்த எண் முன்பு சிகிச்சை பெற்ற பலரின் கணக்கு. உங்கள் பிள்ளையின் தலையெழுத்து அன்று.

இன்னொன்று. பாசத்தில் அண்ணனும் அப்பாவும் இரத்தம் கொடுக்க முந்துவார்கள். மஜ்ஜை மாற்றும் எண்ணம் இருந்தால், நெருங்கிய உறவினரின் இரத்தத்தை முன்கூட்டி ஏற்றுவது நல்லதல்ல. மாற்றிய மஜ்ஜையை உடல் பின்னர் ஏற்க மறுக்கக்கூடும். வெளியார் இரத்தமே தகும்.

யாங்கோன் பொது மருத்துவமனையில் இரத்தநோய்ப் பிரிவு உள்ளது. முதலில் அங்கே காட்டுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடைபெறுகிறது. போவதானால் எல்லாப் பரிசோதனை முடிவுகளையும் கையோடு கொண்டுபோங்கள். உடன்பிறந்தவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பர்மிய மொழி இன்னும் பழகாதவர்கள், மொழி தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் பர்மியம் கற்ற பிள்ளையை, தன் தாயின் ஆயுட்கணக்கை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.