கெல்வின் எண்ணைப் பார்த்து பல்பு மாட்டாதீர்கள்

ஐப்பசி பிறந்து மழை இறங்கியதும் பட்டறைகளில் ஹெட்லைட் வேலை கூடிவிடும். வருகிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, வெளிச்சமே பத்தலை. மஞ்சளா எரியுது. நல்ல வெள்ளையா ஒரு செட்டு போட்டு விடுங்க.” இதில் முதல் வாக்கியம்தான் புகார். இரண்டாவது, அவர் கண்ணில் பட்ட அறிகுறி. மூன்றாவது, அவராகவே முடிவு செய்துகொண்ட தீர்வு. நம்மில் பலர் முதல் வாக்கியத்தைக் காதில் வாங்காமல் மூன்றாவதை நிறைவேற்றி அனுப்பிவிடுகிறோம். வண்டி பட்டறை வாசலில் நிற்கும்போது எதிர்ச்சுவரில் வெள்ளை வெளேரென்று விழுகிறது, அவரும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டுப் போகிறார். அன்று இரவு மழையில், தெருவிளக்கு இல்லாத சாலையில் அவருக்கு என்ன தெரிந்தது என்பது நமக்கு வந்து சேர்வதில்லை.

பல்புப் பெட்டியில் 4300, 5000, 6000 என்று பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைப் பற்றி முதலில் தெளிவாகிவிடுவோம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளாகி, இன்னும் சூடேறினால் வெண்மையாவதைப் பார்த்திருப்போம். அந்த வரிசையைத்தான் எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். எண் ஏற ஏற நிறம் நீலத்தின் பக்கம் சாயும். எவ்வளவு வெளிச்சம் வெளியே வருகிறது என்பதற்கு லூமன் என்ற தனிக் கணக்கு உண்டு. வாங்குபவருக்குத் தேவையான அந்த எண் பல பெட்டிகளில் அச்சிடப்படுவதே இல்லை.

ஹாலஜன் பல்பின் இழை டங்ஸ்டன். அது உருகுவது 3,422 டிகிரி செல்சியஸில், அதாவது 3,695 கெல்வினில். சாதாரண ஹாலஜன் சுமார் 3,200 கெல்வினில் எரிகிறது. அப்படியானால் 5000 என்று அச்சிட்ட ஹாலஜன் பல்புக்குள் என்ன நடக்கிறது? அந்தச் சூட்டில் எந்த டங்ஸ்டன் இழையும் நிற்காது. கண்ணாடிக் குப்பியின் மேல் பூசிய நீலப் பூச்சு, சிவப்பு மஞ்சள் கதிர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே விடுகிறது. ஹாலஜன் தரும் வெளிச்சத்தில் பெரும்பங்கு அந்தச் சிவப்பு மஞ்சள் பக்கம்தான். வாடிக்கையாளர் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப்போவது, வெளிச்சத்தில் ஒரு பங்கை வடிகட்டி எடுத்துவிட்ட பல்பை. அந்த இழப்பை ஈடுகட்ட இழையை இன்னும் சூடாக எரியும்படி சில தயாரிப்பாளர்கள் அமைக்கிறார்கள். அதன் விலை ஆயுளில் போகிறது. “போன வாட்டி போட்டது அதுக்குள்ள ஃபியூஸ் போயிடுச்சே” என்று திரும்பி வருகிறவர்களிடம் பழைய பல்பை வாங்கி ஒரு முறை உற்றுப் பாருங்கள், எத்தனை குப்பிகள் நீலம் என்று தெரியும்.

ஹெச்4 பல்பின் ஐரோப்பிய விதிமுறை அளவு, 13.2 வோல்ட்டில் ஹை பீமுக்கு 1,650 லூமன், டிம்முக்கு 1,000 லூமன். இரண்டிலும் 15 விழுக்காடு கூடவோ குறையவோ அனுமதி உண்டு. எனவே டிம்மில் 850 லூமன் தரும் பல்பும் விதிப்படி சரி, 1,150 லூமன் தருவதும் சரி. ஒன்றுக்கு மற்றொன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம். ஒப்புதல் முத்திரையோடு வரும் நீலப் பூச்சு பல்புகள் பொதுவாகக் கீழ் எல்லையை ஒட்டி நிற்கும். முத்திரை இல்லாத மலிவுப் பல்புகள் அந்த எல்லைக்குள்ளாவது வருமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இனி அந்த முதல் வாக்கியத்துக்கு வருவோம்: வெளிச்சம் பத்தவில்லை. ஏன் பத்தவில்லை?

பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டீயரிங் அடியில் இருக்கும் சுவிட்ச் வழியாகவே போய் வருகிறது. இரண்டு பல்புக்குமாக டிம்மில் ஒன்பது ஆம்பியருக்கு மேல். சுவிட்ச் முனைகள் கருகியிருக்கும், கப்லரில் பச்சை பூத்திருக்கும், எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜைத் தின்னும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒன்பது ஆம்பியர் நான்கு மீட்டர் ஓடினாலே அரை வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. இன்ஜின் ஓட, விளக்கு எரிய, பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போது பல்பின் முனையில் 11.4 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இழை விளக்கின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4 மடி அடுக்கில் மாறும். அந்தக் கணக்கில், 13.2 வோல்ட்டில் கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் 60 விழுக்காடுதான் அங்கே கிடைக்கிறது. இழையின் சூடும் குறைவதால் நிறமும் ஏறக்குறைய 200 கெல்வின் இறங்கும். மஞ்சளாக எரிகிறது என்று அவர் சொன்னது முழு உண்மை. பல்பு மஞ்சள் பல்பு என்பதால் அப்படித் தெரியவில்லை, பல்பு பட்டினி கிடப்பதால் தெரிகிறது.

இந்த வண்டிக்கு நீலப் பூச்சு பல்பைப் போட்டால் மிச்சமிருக்கும் 60-லிருந்தும் ஒரு பங்கு போகும். மாறாக, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி லைன் இழுத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் இரண்டு ரிலேயும் வைத்து, எர்த்தைப் புதிதாக அடித்துக் கொடுத்தால் அதே சாதாரண பல்பு ஒன்றரை மடங்குக்கு மேல் எரியும், நிறமும் தானாக வெண்மைக்கு வரும். பெட்டியில் அச்சிட்ட எந்த எண்ணும் இதைச் செய்யாது. விற்பனை போய்விடுமே என்று நினைக்க வேண்டியதில்லை. ஒரு செட் பல்பில் நமக்கு நிற்கும் லாபத்தையும் ஒரு ரிலே வேலைக்கு வரும் கூலியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். டெஸ்ட் லேம்ப் கரண்ட் வருகிறதா என்று மட்டும் சொல்லும். கப்லரைக் கழற்றி வைத்து மீட்டரில் பார்த்தால் அதுவும் ஏமாற்றும், லோடு இல்லாதபோது கருகிய சுவிட்ச்கூட முழு வோல்டேஜ் காட்டும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கப்லரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகிப் பார்க்க வேண்டும். பேட்டரி பிளஸ்ஸுக்கும் பல்பின் பிளஸ்ஸுக்கும் இடையில் ஒரு முறை, பல்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையில் ஒரு முறை. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கை விட்டுவிட்டு டூமைப் பாருங்கள். பாலிகார்பனேட் டூம் வெயிலில் மஞ்சளாகி மங்கியிருந்தால் அதற்குப் பின்னால் எந்த பல்பும் மங்கலாகத்தான் தெரியும். தேய்த்துப் பாலிஷ் போடும்போது, மேலே இருந்த புற ஊதாத் தடுப்புப் பூச்சும் சேர்ந்து போய்விடுகிறது. மறுபூச்சு அடிக்காமல் கொடுத்தால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும்.

வெள்ளை வெளிச்சத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணின் ஓரப்பார்வை நீலப்பச்சைப் பக்கமே அதிகம் கூர்மை. ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால், சாலையோரத்தில் அசைவதை வெண்மையான விளக்கில் சற்று முன்னதாகவே கவனிக்க முடியும். கம்பெனியிலேயே எல்.இ.டி. ஹெட்லைட்டோடு வரும் வண்டிகளில் இந்தப் பயன் கிடைக்கிறது. அங்கே வெளிச்சமும் நிறைய, அதைச் சாலையில் விரிக்கும் லென்ஸும் அதற்கென்றே செய்தது. அந்த வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் நம் வாடிக்கையாளர் 6000 கேட்கிறார். பிடித்துப்போனது வெளிச்சத்தின் அளவும் பரவலும், நினைவில் நின்றது நிறம். அந்த விளக்குகள் 5,500, 6,000 பக்கம் இருப்பதற்கும் கண் நலம் மட்டும் காரணம் இல்லை. வெள்ளை எல்.இ.டி. என்பது நீல சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. பாஸ்பர் குறைவாக இருந்தால் நீலம் கூடும், மாற்றத்தில் வீணாகும் சக்தியும் குறையும், வாட்டுக்கு லூமன் அதிகம் கிடைக்கும்.

பூச்சு ஹாலஜனில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நீலம் கூடுவதில்லை, மற்ற நிறங்கள் குறைகின்றன. நம் சாலையோரத்தில் இரவில் நிற்பவை எவை என்று யோசித்துப் பாருங்கள். செம்மண் மேடு, செவலை மாடு, பழுப்பு நாய், மனிதத் தோல். இவையெல்லாம் சிவப்பு மஞ்சள் கதிர்களைத்தான் அதிகம் திருப்பி அனுப்பும். அந்தக் கதிர்களைப் பூச்சில் தடுத்துவிட்டு மாட்டைத் தேடச் சொல்கிறோம்.

இந்த வேலையில் நம் கண்ணுக்கு எதிரே நிற்காத இன்னொருவர் இருக்கிறார், எதிர்த்திசையில் வருகிறவர். ஒரே அளவு வெளிச்சமாக இருந்தாலும் நீலம் கூடிய வெளிச்சம் கண்ணை அதிகம் கூசவைக்கும். கண்ணின் லென்ஸ் நீலத்தை விழித்திரைக்கு முன்னாலேயே குவித்துவிடுவதால், அந்த விளக்கைச் சுற்றி ஒரு மங்கல் வட்டமும் தெரியும். வயதானவர்களின் கண் லென்ஸ் மஞ்சளாகி, ஒளியைச் சிதறடிக்கும் நிலைக்கு வந்திருக்கும், அவர்களுக்கு இன்னும் சிரமம். இருவழிச் சாலையில் ஹெல்மெட் கண்ணாடியில் மழைத்துளியோடு பைக்கில் வருகிறவருக்கு, நாம் மாட்டி அனுப்பிய பல்பு சில விநாடிகளுக்குச் சாலையையே அழித்துவிடும். அவர் நம் வாடிக்கையாளர் இல்லை, பில் கட்டவில்லை. ஆனாலும் நாம் செய்த வேலையின் பாதி அவர் மேல்தான் விழுகிறது.

ஹாலஜன் டூமில் எல்.இ.டி. பல்பை மாட்டும்போது இது பல மடங்காகிறது. ஹெச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் கீழ்ப்பக்க ரிஃப்ளெக்டரில் படாமல் தடுத்து, மேல் எல்லையை வெட்டுவது அதுதான். இழை இருக்க வேண்டிய இடம் மில்லிமீட்டரின் பின்னக் கணக்கில் விதிக்கப்பட்டது. தட்டைப் பலகையின் இரு பக்கமும் ஒட்டிய சில்லுகள் அந்த இடத்தைச் சரியாகப் பிடிப்பது அரிது. வெளிச்சம் மேலே சிதறும், பம்பருக்கு முன்னால் சில மீட்டரில் குளம்போலத் தேங்கும். அருகில் பளிச்சென்று இருப்பதால் ஓட்டுநருக்கு நல்ல விளக்கு என்று தோன்றும், ஆனால் கண் அந்தப் பளிச்சுக்குப் பழகி, தொலைவில் இருப்பதைப் பார்க்கும் திறன் குறைந்துவிடும். ஜெர்மனியில் 2020-இல் ஹெச்7 எல்.இ.டி. மாற்றுப் பல்புக்கு முதன்முதலாகச் சாலை அனுமதி கொடுத்தபோது, குறிப்பிட்ட வண்டி மாடல்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதிவரும் பல்பை அந்தக் கண்ணோடு பாருங்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 100/90 வாட் பல்பும் தீர்வாகாது. 60/55-க்கு என்று செய்த ஹோல்டர் அந்தச் சூட்டில் இளகி, ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகுவதை நாமே கழற்றிப் பார்த்திருக்கிறோம்.

மழை, மூடுபனி பற்றிய கேள்வி ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு பக்கத்து வாசகர்களிடமிருந்து வரும். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது பழைய நம்பிக்கை. மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. நீலம் குறைந்திருப்பதால் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணை அவ்வளவாக உறுத்தாது, பயன் அவ்வளவுதான். பிரான்சில் 1930-களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை ஹெட்லைட் மஞ்சளாகவே இருக்க வேண்டும் என்று விதி இருந்து, பிறகு கைவிடப்பட்டது. பனியில் உண்மையில் உதவுவது தாழ்வாக மாட்டிய, தட்டையாக அகன்று விரியும் ஃபாக் லேம்ப். மலைப்பகுதி வண்டிக்குக் கூடுதலாகச் செலவு செய்யச் சொல்வதென்றால் அதற்குச் சொல்லுங்கள்.

ஆக, ஹாலஜன் டூம் என்றால் பூச்சில்லாத, ஒப்புதல் முத்திரையுள்ள 60/55 அல்லது 55 வாட் பல்பு, 3,200 கெல்வின் பக்கம். இன்னும் வேண்டுமென்றால் அதே வாட்டில் அதிக லூமன் தரும் வகை, ஆயுள் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு. வெண்மை வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு 4,300-க்கு மேல் போகாதீர்கள். செனான் விளக்கில் வந்தது 4,300 என்றால் அதையே போடுங்கள். பழைய செனான் பல்பு தேயத் தேய நிறம் நீலத்துக்குப் போயிருக்கும், அதனால் எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். 7,000, 8,000 என்று வருபவை விதிமுறையில் வெள்ளை என்று வரையறுத்த எல்லைக்கே வெளியில் இருப்பவை. அவற்றைக் கடையில் வைக்காதிருப்பது நல்லது.

எந்த பல்பு மாட்டினாலும் ஃபோகஸ் வைக்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள். டயர் காற்று சரிபார்த்து, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, டேஷ்போர்டில் லெவலிங் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வைத்து, 10 மீட்டர் தொலைவில் சுவர். டிம்மின் வெட்டுக்கோடு பல்பின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும், இடப்பக்கம் மட்டும் ஏற வேண்டும். வலப்பக்கம் ஏறினால் அது வலப்புறமாக ஓட்டும் நாட்டுக்குச் செய்த டூம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு டிகிரி மேலே போனால் 50 மீட்டரில் 87 சென்டிமீட்டர் ஏறி, எதிர்வண்டி ஓட்டுநரின் கண்ணருகே போய்விடும். வேலைச் சீட்டில் பல்பு முனை வோல்ட், ஃபோகஸ் அளவு, மாட்டிய பல்பின் வாட், கெல்வின் நான்கையும் குறித்து ஒரு நகலை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். அடுத்த ஐப்பசியில் அதே வண்டி “வெளிச்சம் பத்தலை” என்று வேறொரு பட்டறைக்குப் போனாலும், அங்கிருக்கும் எலக்ட்ரீசியன் பெட்டியைத் தேடாமல் மீட்டரை எடுப்பார்.