காலங்கடந்தால் தோல்வியா?

மூன்றாமாண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் வாக்கு. மனிதருக்குச் சொன்ன இவ்வாக்கு, இன்று மனிதருக்காக உழைக்கும் கணிப்பொறிக்கும் பொருந்தும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வுக் கட்டணம் கட்டுவதும் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் இன்று கணிப்பொறி வழியே நடைபெறுகின்றன. முன்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குக் கோப்பு நகர்ந்தது. இப்போது அந்த வேலையை 'ஒர்க்ஃப்ளோ சர்வர்' என்னும் மென்பொருள் பார்க்கிறது. அது விண்ணப்பத்தை வாங்கும்; வங்கியின் கணிப்பொறியிடம் பணம் கேட்கும்; பதில் வந்ததும் பதிவேட்டில் குறிக்கும்; ரசீது வழங்கும். வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் என்ன செய்வது? காலமெல்லாம் காத்திருக்க இயலுமா? ஆகவே 30 விநாடி என்பதுபோல் ஒரு கெடு வைக்கிறார்கள். இதனையே 'டைம் அவுட்' என்கிறோம்.

கெடு வைப்பதில் குற்றமில்லை. கெடு முடிந்தவுடன் 'தோல்வி, மீண்டும் முயல்க' என்று திரையில் எழுதுகிறார்களே, அங்கேதான் குற்றம் இருக்கிறது. நண்பர்களே, சற்று எண்ணிப் பாருங்கள்! நம் கோரிக்கை வங்கியைச் சேராமலே போயிருக்கலாம். சேர்ந்தும் வேலை முடியாமல் இருக்கலாம். வேலை முடிந்து, பணமும் கழிக்கப்பட்டு, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். இம்மூன்றில் எது நடந்தது என்று சர்வர் அறியாது. அறியாத ஒன்றைத் தோல்வி என்று பதிவு செய்வது பொய்க்கணக்கு எழுதுவதற்கு ஒப்பாகும் என்பது என் துணிபு.

இப்பொய்க்கணக்கின் விலையைக் கொடுப்பவர் யார்? கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாளில், கடன் வாங்கிய பணத்தோடு நிற்கும் ஏழை மாணவன். 'தோல்வி' என்று கண்டதும் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறான். இருமுறை பணம் போகிறது. கணக்கில் மறுமுறைக்குப் பணம் இல்லையென்றாலோ, கட்டியவன் கட்டாதவன் ஆகிறான். பணம் பிறகு திரும்பி வரலாம். தேர்வு நாள் அவனுக்காகக் காத்திருக்குமா?

இது கற்பனைத் துன்பமன்று. 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் தவறின்றிப் பரிவர்த்தனைகள் முறிவதற்கான காரணங்களில் டைம் அவுட்டையும் ஒன்றாகக் குறிப்பிட்டது. ஏ.டி.எம்.மில் கணக்கு கழிந்து நோட்டு வராவிட்டால் 5 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் விதித்தது. சட்டம் போட்டு ஈடு வாங்கித் தரும் அளவுக்கு இந்நோய் பரவலானது.

"கெடுவை 60 விநாடியாக உயர்த்திவிட்டால் போயிற்று" என்பர் சிலர். தொலைந்துபோன பதில் 60 விநாடியிலும் வாராது. "விடாமல் திரும்பத் திரும்பக் கேட்போம்" என்பர் வேறு சிலர். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்ததை அவர்கள் அறிதல் நன்று. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே 400 கெஜ தூரந்தான். நெரிசலில் பதில் தாமதமாக, கணிப்பொறிகள் பதறி அனுப்பியதையே மீண்டும் அனுப்ப, விநாடிக்கு 32,000 பிட் சென்ற வழியில் 40 பிட்தான் சென்றது. வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய கட்டுரையில் இதனை விளக்கி, நிதானமாக அனுப்பும் முறையையும் வகுத்துக் காட்டினார்.

அப்படியானால் திருத்துவது எங்ஙனம்? நம் அரசு அலுவலகங்களின் பழைய வழக்கமே வழிகாட்டும். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு ந.க. எண் உண்டு. பதில் வராவிட்டால் எழுத்தர் புதிய கோப்புத் திறப்பதில்லை. அதே எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் விடுப்பார். சர்வரும் அவ்வாறே செய்யட்டும். 'வெற்றி', 'தோல்வி' என்னும் இரண்டோடு 'முடிவு தெரியவில்லை' என்னும் மூன்றாம் நிலையும் அதற்கு வேண்டும். கெடு முடிந்ததும், "இந்த எண்ணுக்குரிய பணம் என்னவாயிற்று?" என்று அது வங்கியை வினவ வேண்டும். ஒரே எண் இருமுறை வந்தாலும் வங்கி ஒருமுறையே பணத்தைக் கழிக்க வேண்டும். கெடு எப்போது முடியும் என்ற குறிப்பைத் தரவுத்தளத்தில் எழுதி வைத்தால், மின்சாரம் போய் வந்தாலும் அது அழியாது.

தாமதமாக வரும் பதிலையும் உரிய கோப்பில் சேர்க்க வேண்டும். 2007இல் ஓயாசிஸ் அமைப்பு தரப்படுத்திய பீபெல் 2.0 என்னும் மொழியில் 'பிக்' என்றோர் அமைப்பு உண்டு. செய்தி முந்தினால் ஒரு பாதை, கடிகாரம் முந்தினால் மறு பாதை. ஒன்று முந்திவிட்டால் அடுத்ததற்கு அங்கே இடமில்லை. ஆகவே கடிகாரத்தின் பாதையில் என்ன எழுதுகிறோம், பிந்தி வரும் பதிலை எங்கே வாங்குகிறோம் என்பதெல்லாம் நிரல் எழுதுபவரின் பொறுப்பே.

இப்பொறுப்பு கல்லூரியிலேயே தொடங்க வேண்டும். நம் செயல்திட்டத் தேர்வுகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் வழியை மட்டும் காட்டி மதிப்பெண் பெறுகிறோம். பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாங்கள் நிரலை இயக்கிக் காட்டும்போது, நடுவில் இணைப்பு வடத்தைப் பிடுங்கிவிட்டு, "இப்போது உன் நிரல் என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு 'தோல்வி' என்று விடை சொல்லும் நிரலுக்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். நாளை நாங்கள் எழுதப்போகும் மென்பொருளின் முன் நிற்கப்போவது நம் தம்பி தங்கையரே. "தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன்" என்று உண்மை பேசும் கணிப்பொறியை அவர்களுக்குத் தருவது நம் கடன்.