சிலுவையின் மேல் நான்கு எழுத்து

நாற்பது ஆண்டுகளாகக் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறேன். இறந்தவரின் பெயர், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொண்டுவருவார்கள். ணகரமா னகரமா, தலைப்பெழுத்து சரியா என்று மூன்று தடவை பார்ப்பார்கள். சிலுவையின் உச்சியில் வரும் ஐ.என்.ஆர்.ஐ மட்டும் யாரும் எழுதித் தருவதில்லை. “வழக்கமா போடுறதைப் போட்டுடுங்கண்ணே” என்பதோடு சரி.

தொழில் பழகிய காலத்தில் ஒரு கல்லில் கடைசி இரண்டு எழுத்தையும் இடம் மாற்றி வெட்டிவிட்டேன். கல்லை நட்டார்கள், சாமியார் மந்திரித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அடுத்த நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு எழுத்துக்கு மை தீட்டப் போனபோதுதான் என் கண்ணிலேயே பட்டது. அத்தனை மாதமும் அதன் முன் முழந்தாளிட்ட ஒருவருக்கும் தெரியவில்லை. என் செலவில் கல்லை மாற்றிக் கொடுத்தேன். மனசுதான் ஆறவில்லை. பெயரில் ஒரு சுழி குறைந்திருந்தால் மறுநாளே கல் திரும்பி வந்திருக்குமே!

பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டேன். யோவான் நற்செய்தி 19ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். ரோமை ஆளுநர் பிலாத்து எழுதி வைத்த குற்ற அறிவிப்பு அது. லத்தீனில் ‘யேசுஸ் நசரேனுஸ் ரெக்ஸ் யூதயோரும்’. நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர் என்று பொருள். லத்தீனில் அன்று ‘ஜே’ என்ற எழுத்து கிடையாது; இயேசுவுக்கும் யூதருக்கும் ‘ஐ’தான். எபிரேயம், லத்தீன், கிரேக்கம் என மூன்று மொழியில் எழுதியிருந்தது. சிலுவை நட்ட இடம் நகருக்குப் பக்கம். போகிற வருகிறவர்கள் படித்தார்கள். ‘அரசர் என்று எழுதாதே, தன்னை அரசர் என்று சொல்லிக்கொண்டான் என்று எழுது’ எனத் தலைமைக் குருக்கள் பிலாத்துவிடம் முறையிட்டார்கள். அவன் மாற்றவில்லை. ஊர் படித்ததால் வந்த வழக்கு அது. யாரும் படிக்காத பலகைக்காக யார் போய் முறையிடுவார்கள்?

ஆர்.ஐ.பி.யும் அப்படித்தான். ஆங்கிலம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். மூலம் லத்தீன்: ‘ரெக்வியேஸ்காத் இன் பாச்சே’. அமைதியில் இளைப்பாறுக. வாழ்க, வருக என்கிறோமே, அதே வியங்கோள். இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் கேட்கும் வேண்டுதல் அந்த ஒரு வினைச்சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இறந்தவரைப் பார்த்து ‘ஓய்வெடு’ என்று சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. தமிழில் ஒரு ‘க’ போதும், அந்த வேண்டுதல் அப்படியே வந்துவிடும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த மூன்று எழுத்தை வெட்டும்போது என் கை நிதானமாகிவிட்டது.

பீடத்தின் முகப்பில் ஐ.எச்.எஸ் இருக்கும். இயேசு என்ற பெயரைக் கிரேக்கத்தில் எழுதினால் வரும் முதல் மூன்று எழுத்து. நடுவில் இருப்பது ‘ஏ’ ஒலிக்கான கிரேக்க எழுத்து, பார்வைக்கு ‘எச்’. கிரேக்கம் மறந்தவர்கள் அதற்கு ‘மனிதரின் மீட்பர் இயேசு’ என்று லத்தீன் விரிவு சொன்னார்கள். நல்ல பொருள்தான். ஆனாலும் படிக்கத் தெரியாமல் போன எழுத்து அது.

லத்தீனை எடுத்துவிடச் சொல்லவில்லை. ரோமிலும் மணிலாவிலும் வேளாங்கண்ணியிலும் ஒரே நான்கு எழுத்து இருப்பது பெரிய உறவு. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. அதற்கு முன் என் பாட்டி பொருள் தெரியாமலே லத்தீனில் பதில் சொன்னவர். பூசைக்குத் தமிழ் வந்த பிறகும் கல்லுக்கு வரவில்லை. அந்த எழுத்துக்கு அடியில் தமிழில் ஒரு வரி வேண்டும் என்கிறேன். இடம் போதாது, அழகு கெடும் என்பார்கள். மேலே இரண்டு அங்குல எழுத்து என்றால் கீழே முக்கால் அங்குலத்தில் தமிழ் தாராளமாக நிற்கும். வெட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த வரிக்கு நான் கூலி வாங்குவதில்லை.