“சும்மா விளையாட்டுக்குத்தான்” என்று வீட்டுக்குள் வந்த சாத்திரம்



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோர்கள் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

நமது ஊரில் ஒரு உம்மா தன் மகளைக் கைரேகை பார்ப்பவரிடம் கூட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? மஃரிபுக்கு முன்னர் ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். ஆனால் அதே மகள் இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு “இந்த வாரம் லியோக்களுக்கு என்ன நடக்கும்” என்று பார்த்தால் எவரும் எதுவும் சொல்வதில்லை. கேட்டால், “அது சாத்திரம் இல்ல, பேர்சனாலிட்டி” என்கிறார்கள். “சும்மா விளையாட்டுக்குத்தான்” என்கிறார்கள்.

பஞ்சாங்கத்தோடு வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தியிருப்போம். ஆங்கிலப் பெயரோடு, அழகான படங்களோடு வந்ததால் கதிரை போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது அயலவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்யும் பதிவு அல்ல. அவர்களது வழக்கம் அவர்களுக்கு. நாம் பேசுவது நமது வீடுகளைப் பற்றி, நமது பிள்ளைகளைப் பற்றி.

வகுப்பறையில் ஆசிரியர்களாகிய நாம் காண்பது இதுதான். கொப்பி மட்டையில் பெயருக்குக் கீழே “ஸ்கோர்பியோ”. குழுவேலைக்குப் பிரித்தால், “அவ ஜெமினி டீச்சர், ரெண்டு முகம், எனக்கு ஒத்து வராது”. கோபப்பட்டு நண்பனை அடித்தவனிடம் ஏன் என்று கேட்டால், “நான் ஏரிஸ், அப்பிடித்தான்”. பரீட்சைப் புள்ளி குறைந்தால் “மெர்குரி ரெட்ரோகிரேட்”. இதில் எது விளையாட்டு?

எதிர்ப்பதற்கு முன்னர் அது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். “ஹராம்” என்ற ஒரே சொல்லோடு நாம் வாயை மூடிக்கொண்டால், பிள்ளை மீதியைப் போனிடம் கேட்டுக்கொள்ளும். ஆகவே சுருக்கமாகப் பார்ப்போம்.

பூமியில் இருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு வருடத்தில் வானத்தைச் சுற்றி வருவது போலத் தெரியும். அந்தப் பாதையின் 360 பாகையை 12 சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். மார்ச் 21 அளவில் ஏரிஸ், அதாவது மேஷம் தொடங்கும். நீங்கள் பிறந்த அன்று சூரியன் எந்தத் துண்டில் நின்றதோ அதுதான் உங்கள் “சன் சைன்”. சந்திரன் நின்ற துண்டு “மூன் சைன்”. நீங்கள் பிறந்த நேரத்தில் கிழக்கு அடிவானத்தில் உதித்துக்கொண்டிருந்த துண்டு “ரைசிங்”. அது ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாறும். 12 ராசிகளையும் நெருப்பு, நிலம், காற்று, நீர் என்று நான்காகப் பிரிப்பார்கள். வாழ்க்கையைப் பணம், குடும்பம், திருமணம், தொழில் என்று 12 “வீடு”களாக்கி, எந்தக் கோள் எந்த வீட்டில் நிற்கிறது என்று பார்த்துப் பலன் சொல்வார்கள். இதன் அடிப்படையை 2ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தொலமி நூலாகத் தொகுத்தார். அடிப்படைப் பாடம் இவ்வளவுதான்.

இனி நமது கேள்விகள்.

முதலாவது. ஏப்ரல் 5இல் பிறந்த ஒரு பிள்ளை என்ன ராசி? டிக்டொக் “ஏரிஸ்” என்று சொல்லும். நமது நாட்டில் சிங்கள, தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் வருவது ஏன் தெரியுமா? அவர்களது கணக்கில் சூரியன் மேஷத்துக்குள் போவது அன்றுதான். அந்தக் கணக்கில் இதே பிள்ளை மீனம். ஒரே பிள்ளை, ஒரே சூரியன், இரண்டு ராசி. காரணம், பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டுகிறது. அதனால் ஏறத்தாழ 72 வருடத்துக்கு ஒரு பாகை வீதம் வித்தியாசம் ஏற்பட்டு, இன்று அது 24 பாகை அளவுக்கு வந்துவிட்டது. மேலைத்தேயச் சோதிடர்கள் நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் பருவகாலத்தோடு ராசியைக் கட்டிக்கொண்டார்கள். அப்படியானால் “நட்சத்திரங்கள் சொல்கின்றன” என்ற பேச்சு எதற்கு? இன்னொன்றும் உண்டு. வானியலாளர்களின் எல்லைப்படி நவம்பர் கடைசியில் இருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை சூரியன் நிற்பது ஒஃபியுகஸ் என்ற பதின்மூன்றாவது உடுத்தொகுதியில். அதற்கு இவர்களிடம் ராசியே இல்லை.

இரண்டாவது. நெருப்பும் நீரும் காற்றும் நிலமும் மூலகங்கள் அல்ல என்று நமது விஞ்ஞானப் பாடப் புத்தகம் சொல்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் 118 மூலகங்கள் இருக்கின்றன. காலையில் அதைப் படித்துப் பரீட்சையில் எழுதுகிற பிள்ளை, மாலையில் “நான் வாட்டர் சைன், அவன் ஃபயர் சைன், சரிவராது” என்கிறது. நாம் படிப்பித்தது கொப்பியோடு நின்றுவிட்டதா?

மூன்றாவது, “மெர்குரி ரெட்ரோகிரேட்”. புதன் வருடத்துக்கு மூன்று முறை அளவில், ஒவ்வொரு முறையும் சுமார் மூன்று கிழமை, பின்னோக்கிப் போவது போலத் தெரியும். உண்மையில் அது பின்னால் போவதில்லை. இரண்டு பஸ்கள் வேறு வேறு வேகத்தில் பக்கம் பக்கமாக ஓடும்போது ஒன்று பின்னால் போவது போலத் தெரியுமே, அது போன்ற கண் மயக்கம்தான். பஸ்ஸில் தெரிந்த கண் மயக்கத்தைக் காரணம் காட்டி எவராவது பரீட்சைக்குப் படிக்காமல் இருப்பார்களா?

நான்காவது. வாரபலன் என்பது பழங்கால ஞானம் என்று நினைக்கிறார்கள். 1930 ஒகஸ்ட்டில் பிரித்தானிய இளவரசி மார்கிரெட் பிறந்தபோது, லண்டன் சண்டே எக்ஸ்பிரஸ் பத்திரிகை ஆர்.எச். நெய்லர் என்பவரைக் கொண்டு குழந்தையின் பலனை எழுதுவித்தது. வாசகர்களுக்குப் பிடித்தது. அதன் பின்னர்தான் பத்திரிகைகளில் இந்தப் பகுதி பரவியது. உலக மக்களை 12 பெட்டிக்குள் போட்டு, ஒரு பெட்டிக்கு நாலு வரி எழுதுவது பத்திரிகை விற்க வந்த வழி. இன்று அதே வேலையைச் செயலிகள் செய்கின்றன. நமது பெண் பிள்ளைகள் பிறந்த திகதி, நேரம், இடம் மூன்றையும் முகம் தெரியாத ஒருவனுக்குத் தாங்களே தட்டெழுதிக் கொடுக்கிறார்கள்.

“எனக்கு அப்படியே பொருந்துதே!” இதுதான் எல்லோரும் சொல்லும் பதில். 1948இல் அமெரிக்காவில் பேர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் “உன் குணம் இதுதான்” என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26. பிறகுதான் தெரிந்தது, எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! அதில் பெரும்பகுதி கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. “சில நேரம் கலகலப்பு, சில நேரம் தனிமை விரும்பி” என்றால் யாருக்குத்தான் பொருந்தாது?

சோதிடர்களையே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஷோன் கார்ல்சன் நடத்திய ஆய்வு 1985இல் நேச்சர் சஞ்சிகையில் வந்தது. ஒரு ஜாதகத்தைக் கொடுத்து, மூன்று குண விபரங்களில் எது அந்த ஆளுக்குரியது என்று கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு அளவுதான் சரி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

“முஸ்லிம் அறிஞர்களும் சோதிடம் எழுதியிருக்கிறார்களே” என்று சிலர் கேட்கிறார்கள். எழுதினார்கள், மறைக்க மாட்டோம். அபூ மஃஷரின் நூல்கள் லத்தீனுக்குப் போய் ஐரோப்பியச் சோதிடத்துக்கே அத்திவாரமாகின. ஆனால் அல்பிரூனியைப் பாருங்கள். 1029இல் ரைஹானா என்ற பெண்ணுக்காகக் கேள்வி பதிலாக ஓர் ஆரம்ப நூல் எழுதினார். அதில் முதலில் கேத்திர கணிதம், பிறகு எண் கணிதம், பிறகு வானியல், சோதிடம் கடைசியில். அந்தக் கடைசிப் பகுதியில் அவருக்கே பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. இப்னு ஸீனா சோதிடத்தை மறுத்துத் தனி நூல் எழுதினார். இப்னு கல்தூன் தன் முகத்திமாவில் அதற்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார். இப்னுல் கையிமும் விரிவாக மறுத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாக நபி (ஸல்) அவர்களின் வாழ்வு இருக்கிறது. மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்த இறப்புக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். துயரத்தில் இருந்த அந்தத் தந்தை அதை ஏற்றுக்கொண்டிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? ஆனால் எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் மறுத்தார்கள். நமது மார்க்கம் வானத்தைப் பார்த்த பார்வை அது.

மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் விரிவாகச் சொல்லட்டும். ஆசிரியர்களாகிய நமக்குப் பெரிய பயம் வேறொன்று. “நான் அப்பிடித்தான்” என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால் அதற்குப் பிறகு நாம் என்ன படிப்பிப்பது? கோபத்தை அடக்கலாம், சோம்பலை விடலாம், தவ்பா செய்யலாம், கணக்கில் 30 எடுத்தவன் 70 எடுக்கலாம் என்ற நம்பிக்கையில்தான் பள்ளிக்கூடமும் நிற்கிறது, மார்க்கமும் நிற்கிறது. பிறந்த திகதி யாருடைய அமலும் அல்ல. தான் தேர்ந்தெடுக்காத ஒன்றை வைத்து ஒரு மனிதனுக்கு முத்திரை குத்துவதற்குப் பெயர் பேர்சனாலிட்டி அல்ல, அநியாயம். நல்ல மாப்பிள்ளையை, நல்ல மருமகளை “சைன்” பார்த்துத் தட்டிக் கழிப்பதும் அதே அநியாயம்தான்.

என்ன செய்யலாம்?

பெற்றோரே, போனைப் பறிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ராசிப் பெயர்களை மறைத்துவிட்டு 12 பலன்களையும் வாசித்து, “இதில் உன்னுடையது எது?” என்று கேளுங்கள். பிள்ளை தானாகச் சிரிக்கும்.

சக ஆசிரியர்களே, பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுங்கள். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்த இப்னு அஷ்ஷாதிர் பெரும் வானியலாளர். அதே சூரியனைப் பார்த்துத்தான் ளுஹரும் அஸரும். அதே பிறையைப் பார்த்துத்தான் நோன்பும் பெருநாளும். நிழலை அளந்து ளுஹர் நேரம் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு லியோவின் வாரபலன் தேவைப்படாது.

ராசியைப் பார்த்து அல்ல, குணத்தைப் பார்த்து நண்பனைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளாக நமது பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.

பிரயோசனம் என்று நினைத்தால் வகுப்புப் பெற்றோர் வட்ஸ்அப் குழுக்களில் பகிருங்கள்.