கர்ப்பம்னு தெரிஞ்சதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

1/ "கர்ப்பம்னு தெரிஞ்ச அன்னைக்கே தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டேன் டாக்டர். குழந்தைக்கு ஆகாதுன்னு சொன்னாங்க." ஓபியில் அடிக்கடி கேட்கிற வார்த்தை. குழந்தை மேல உள்ள அக்கறையில்தான் நிறுத்துறாங்க. ஆனா பாதிப்பு அந்தக் குழந்தைக்குத்தான். நான் இதில் அம்மாக்களைக் குறை சொல்ல மாட்டேன். தப்பு எங்க பக்கம்.

2/ சிசுவோட தைராய்டு சுரப்பி சுமார் 12 வாரத்தில்தான் வேலையைத் தொடங்கும். போதுமான அளவு சுரக்க 18-20 வாரம் ஆகும். அதுவரை மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் அம்மாகிட்ட இருந்துதான் போகணும்.

3/ அம்மாவுக்கே சுரப்பு குறைவுன்னா, அந்தக் குறையை நிரப்பத்தான் தைராக்சின். உடம்பில் இயல்பா சுரக்கிற அதே ஹார்மோன்தான் மாத்திரையா வருது. நிறுத்தினா கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைவான குழந்தைன்னு ஆபத்து கூடும்.

4/ சொல்லப்போனா, பெரும்பாலானவங்களுக்கு கர்ப்பத்தில் டோஸ் 25-30% கூட்ட வேண்டியிருக்கும். பாசிட்டிவ்னு தெரிஞ்ச உடனே டாக்டர்கிட்ட பேசுங்க. முதல் செக்கப் வரை காத்திருக்காதீங்க. கர்ப்பத்தோட முதல் பாதியில் சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் பார்க்கணும்.

5/ காலையில் வெறும் வயித்தில் போடுங்க. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்க. சேர்த்துப் போட்டா தைராக்சின் உடம்பில் சரியா சேராது.

6/ கிரேவ்ஸ் நோயால தைராய்டு அதிகமா சுரக்கிறவங்களுக்கு மருந்தே வேற. கர்ப்பத்துக்கு ஏத்த மாதிரி அதை மாத்தணும், நீங்களா நிறுத்தக் கூடாது. முன்னாடியே ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் மறக்காம சொல்லுங்க. ரத்தத்தில் மிச்சமிருக்கிற ஆன்டிபாடி நஞ்சுக்கொடி தாண்டிப் போய், குழந்தையோட தைராய்டையும் தூண்டிவிடலாம்.

7/ குழந்தை பிறந்ததும் டிஎஸ்ஹெச் பார்த்தாச்சான்னு கேளுங்க. குதிகாலில் சில சொட்டு ரத்தம் போதும். அம்மாவுக்கு தைராய்டு இல்லாட்டியும் இது எல்லாக் குழந்தைக்கும் வேணும். பிறவிலேயே சுரப்பு குறைஞ்ச குழந்தை முதல் சில வாரம் பார்க்க நல்லாவே இருக்கும். அறிகுறி தெரியட்டும்னு இருந்தா மூளை பாதிச்சிடும். 2 வாரத்துக்குள் மருந்து தொடங்கினா, பெரும்பாலான குழந்தைகள் மத்த பிள்ளைங்க மாதிரியே வளரும்.

8/ இதையெல்லாம் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். கூட்டத்தைக் காரணம் காட்டி அந்த இரண்டு நிமிஷத்தை நாங்க மிச்சம் பிடிக்கிறோம். மாத்திரை எதுக்குன்னு டாக்டர் சொல்லலைன்னா, அது ஆகாதுன்னு சொல்ல பக்கத்து வீட்டில் ஆள் இருக்காங்க. சீட்டில் பேர் மட்டும் எழுதிக் கொடுத்தா, "எதுக்கு டாக்டர் இது?"ன்னு கேளுங்க. பதில் சொல்றது எங்க கடமை.